அச்சுக்கு முன் படிப்பவர்கள்: நாவலுக்கு பீட்டா வாசகர்களைத் தேடுவதும் அவர்களோடு வேலை செய்வதும்

நாவலை எழுதி முடித்த கையோடு நண்பர்கள் நாலு பேருக்கு வாட்ஸாப்பில் பிடிஎஃப் போகிறது. இரண்டு பேர் "அருமை, வாழ்த்துகள்" என்கிறார்கள். ஒருவர் கைகூப்பும் இமோஜி போடுகிறார். நான்காமவரிடமிருந்து ப்ளூ டிக் மட்டும். புத்தகம் வெளிவந்து ஆறு மாதம் கழித்து அதே நான்காமவர் டீக்கடையில் சொல்வார்: "அந்த ஏழாவது அத்தியாயம் கொஞ்சம் இழுத்துச்சு மாப்ளே. அப்பவே சொல்லலாம்னு நெனச்சேன்."

கேட்கிற விதத்தில் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. நம் பதிப்பகங்களில் மெய்ப்பு பார்க்க ஆள் இருப்பார்கள். கதை எங்கே தொய்கிறது, எந்தப் பாத்திரம் ஒட்டவில்லை என்று எழுத்தாளரோடு உட்கார்ந்து பேச ஆள் இருப்பது அபூர்வம். கிண்டிலில் தானே வெளியிடுபவருக்கு அந்த மெய்ப்புக்காரரும் கிடையாது. ஆகவே அந்த வேலையில் ஒரு பகுதியை எழுத்தாளரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அச்சுக்கு முன் படித்துச் சொல்லும், பீட்டா வாசகர் எனப்படும் ஆளை இங்கே முன்வாசகர் என்றே எழுதுகிறேன்.

முன்வாசகரின் வேலை எது என்பதில் தெளிவாக இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அவர் எடிட்டர் அல்ல, விமர்சகரும் அல்ல. தையற்கடையில் ட்ரயல் பார்க்கிறவர் "கக்கத்துல பிடிக்குது" என்பார்; எந்தத் தையலைப் பிரிப்பது என்பது டெய்லரின் பாடு. முன்வாசகரிடம் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் "பிடிக்குது" மட்டும்தான். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதை நேர்மையாக, இடம் சுட்டி வாங்குவதற்கான ஏற்பாடுகள்.

1. கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

பாதி நாவலைக் கொடுக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது வரும் கருத்து, அது பாராட்டானாலும் சரி, கதையின் போக்கை மாற்றிவிடும். முடித்து, குறைந்தது ஒரு மாதம் தொடாமல் வைத்து, பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். உங்களுக்கே தெரிந்த ஓட்டைகளை அடைத்துவிட்டுக் கொடுப்பதுதான் நியாயம். நீங்கள் ஏற்கெனவே அறிந்த குறையைக் கண்டுபிடிக்க இன்னொருவரின் பத்து மணி நேரத்தைச் செலவழிக்கக் கூடாது.

ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழைகளையும் முடிந்தவரை களைந்துவிடுங்கள். முன்வாசகர் அதைப் பார்ப்பதற்கு அல்ல. ஆனால் தமிழாசிரியர் ஒருவர் கையில் பிழை மலிந்த பிரதி போனால் அவரால் வேறு எதையும் பார்க்க முடியாது. சிவப்பு மையில் 'ப்', 'க்' போட்டு முப்பது பக்கம் திருப்பித் தருவார், கதை என்ன என்று கேட்டால் யோசிப்பார்.

காட்சிகளுக்கு எண் கொடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், பின்னால்தான் அருமை புரியும். ஒருவர் ஃபோனில் படிப்பார், ஒருவர் கிண்டிலில், ஒருவர் பிரிண்ட் எடுத்து. பக்க எண் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக இருக்கும். மூன்றாம் அத்தியாயத்தின் இரண்டாம் காட்சிக்கு 3.2 என்று தலையில் போட்டுவிட்டால், "3.2ல் புரியலை" என்று எல்லோரும் ஒரே இடத்தைச் சுட்டுவார்கள். அச்சுக்குப் போகும்போது எண்களை எடுத்துவிடலாம்.

பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முருகேசன், முருகானந்தம், முத்துசாமி என்று மூன்று பேர் ஒரே கூடத்தில் நின்றால் வாசகர் குழம்புவார் என்பதைச் சொல்ல முன்வாசகர் தேவையில்லை.

2. எத்தனை பேர், யார் யார்

ஒரு நாவலை ஒருவர் முதல்முறையாக ஒரே ஒரு தடவைதான் படிக்க முடியும். முடிவு தெரிந்துவிட்ட பிறகு அவர் கண் மாறிவிடுகிறது. திருத்திய பிரதியைக் கொடுத்தால், பழைய பிரதியின் நினைவோடுதான் படிப்பார். ஆகவே கிடைத்த எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடாதீர்கள். முதல் சுற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேர், திருத்திய பிறகு இரண்டாம் சுற்றுக்கு இன்னும் மூன்று புதியவர்கள். இதற்கு மேல் ஆள் சேர்த்தால் கருத்துகளைத் தொகுப்பதே தனி வேலையாகிவிடும்.

எண்ணிக்கையைவிட ஆட்களின் கலவை முக்கியம். உங்கள் வகைக் கதையைத் தேடிப் படிப்பவர் ஒருவராவது வேண்டும். குற்றப் புனைவு எழுதிவிட்டு, தீவிர இலக்கியம் மட்டுமே படிக்கும் நண்பரிடம் கொடுத்தால் "கதை வேகமா போகுது, ஆழம் இல்லை" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் நாவல் எதிர்பார்க்கும் வாசகர் அவர் அல்ல. குடும்ப நாவலுக்கும் வரலாற்று நாவலுக்கும் இதே கதைதான்.

எழுதாதவர் ஒருவர் வேண்டும். எழுதுகிறவர்கள் படிக்கும்போது 'நானாக இருந்தால் இதை எப்படி எழுதியிருப்பேன்' என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு புத்தகம் படிக்கும் வங்கி ஊழியரோ, நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியையோ தரும் கருத்தில் அந்தக் குரல் இருக்காது.

மூன்றாவது, விஷயம் தெரிந்தவர். இதற்கு ஓர் உதாரணத்தைக் கட்டுரை முழுக்க வைத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடம். அப்பா வாங்கிய முன்பணத்துக்காகத் தறி ஓட்ட வந்த செல்வி என்ற பெண். அவளுடைய மாமா ஒருவர். அறுபதாயிரம் சொல்லில் ஒரு நாவல். எழுதியவர் சென்னைக்காரர், நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். "அறுந்த பாவு நூலை நாடாவில் மாட்டினாள்" என்று ஒரு வரி. சென்னையில் படிக்கும் பத்துப் பேரும் தாண்டிப் போய்விடுவார்கள். தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர் அங்கேயே நின்றுவிடுவார்: குறுக்கே ஓடும் நாடாவுக்குள் இருப்பது தாரில் (சிறு குச்சியில்) சுற்றிய ஊடை நூல், தறியில் நெடுக்காக நிற்கும் பாவு அதில் எங்கே வரும்? இப்படி ஒரு வரி போதும், அந்த ஊர்க்காரர் நாவலை நம்புவதை நிறுத்த.

விஷயம் தெரிந்தவர் முழு நாவலையும் படிக்க வேண்டும் என்பதில்லை. தறி வரும் காட்சிகளை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். படிக்கும் பழக்கம் இல்லாதவரென்றால் நேரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். பேச்சு வழக்குக்கும் இது பொருந்தும். கொங்குப் பேச்சில் 'ங்க' எங்கே வரும், யாரிடம் வராது என்பதை அந்த ஊர்க் காதுதான் பிடிக்கும். யாழ்ப்பாணப் பேச்சை சினிமாவில் கேட்டு எழுதிய உரையாடல் யாழ்ப்பாணத்தார் காதில் எப்படி விழும் என்பதையும் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. கூடவே, அந்த வழக்கு தெரியாத ஒருவரும் இருக்கட்டும். எத்தனை சொல்லில் அவர் தடுக்குகிறார், எத்தனை சொல்லை இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார் என்று தெரிந்தால், அடிக்குறிப்பு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

சாதி, மதம், சடங்கு வரும் இடங்களில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் படிப்பது அவசியம் என்றே நினைக்கிறேன். அவரிடம் அனுமதி வாங்குவதற்கு அல்ல. இழவு வீட்டில் யார் எங்கே நிற்பார்கள், யார் எதைத் தொட மாட்டார்கள் என்பதை வெளியிலிருந்து எழுதும்போது தப்பு நிச்சயம் வரும்.

வீட்டார்? கணவரோ மனைவியோ நல்ல வாசகராக இருந்தால் கொடுங்கள், கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். அவர்கள் படிப்பது உங்களை, "இது நம்ம சித்தப்பா தானே?" என்பதில்தான் அவர்கள் கவனம் நிற்கும்.

3. எங்கே தேடுவது

கையெழுத்துப் பிரதியைப் படிக்க ஆள் கிடைக்காதது இன்றைய பிரச்சினை அல்ல. தொல்காப்பியப் பாயிரத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் ஒரு கதை வரும். 'தொல்காப்பியன் செய்த நூலைக் கேட்காதே' என்று, அதைக் கேட்டு ஏற்க வேண்டிய அறிஞர் அதங்கோட்டாசானிடம், தொல்காப்பியரின் ஆசிரியரான அகத்தியர் சொல்லிவிடுகிறார். தொல்காப்பியரோ பலமுறை போய், நான் செய்த நூலை நீர் கேட்க வேண்டும் என்கிறார். இருவருக்கும் கோபம் வராமல் இருக்க ஆசான் ஒரு வழி பார்க்கிறார்: நூலைக் கேட்பது, ஆனால் குற்றம் சொல்லிவிடுவது. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொன்னார் என்று கதை போகிறது. இன்று கிடைக்கும் முதல் தமிழ் இலக்கண நூலுக்கே அதன் ஆசிரியர் நடையாய் நடந்திருக்கிறார் என்றால், நாம் இரண்டு மெசேஜ் அனுப்பக் கூச்சப்படுவதில் பொருள் இல்லை.

தேட வேண்டிய முதல் இடம், மற்றவர்களின் புத்தகங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்கள். ஃபேஸ்புக்கில், கிண்டில் பக்கத்தில், பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் உங்கள் வகை நாவல்களுக்கு வந்த கருத்துகளை ஒரு வாரம் படியுங்கள். 'ஆனால்' என்ற சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். "எனக்குப் பிடித்த நாவல். ஆனால் அந்தத் தங்கை பாத்திரம் பாதியில் காணாமல் போய்விட்டது" என்று எழுதியவர்தான் உங்களுக்கு வேண்டியவர். முழுக்கப் புகழ்பவரும் முழுக்கக் கிழிப்பவரும் தங்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

அடுத்தது நேரில். பல ஊர்ப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. த.மு.எ.க.ச. (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் ஆகியவற்றின் கிளைக் கூட்டங்களில் நூல் அறிமுகம் நடக்கும். மேடையில் பேசுபவரைவிட, கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவரைக் கவனியுங்கள். பொங்கலை ஒட்டிய சென்னைப் புத்தகக் காட்சியிலும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் பதிப்பக அரங்குகளில் நின்று பேசினால், யார் என்ன படிக்கிறார்கள் என்று விற்பனையாளர்களே சொல்வார்கள்.

மூன்றாவது வழி பண்டமாற்று. உங்கள் நிலையில் இருக்கும் இன்னோர் எழுத்தாளரின் நாவலை நீங்கள் படியுங்கள், உங்களுடையதை அவர் படிக்கட்டும். ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ளாமல், முதலில் ஒருவருடையதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. இல்லையென்றால் 'அவர் என்னைக் கடுமையாகச் சொன்னார், நானும் சொல்கிறேன்' என்ற கணக்கு வந்துவிடும். தமிழ்ச் சிற்றிதழ் வட்டத்தில் யார் எந்தக் குழு என்பதையும் ஓரளவு தெரிந்துவைத்திருங்கள். அழகியல் சண்டை ஒன்று உங்கள் பிரதியின் மேல் நடக்க வேண்டாம்.

கதை திருடுபோய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கு உரிமை தானாகவே வந்துவிடுகிறது. பதிவு செய்தால் சான்றாக உதவும், கட்டாயமில்லை. பிரதியை மின்னஞ்சலில் அனுப்பினால் எந்தத் தேதியில் எது போனது என்பதற்கு ஆதாரம் இருக்கும். அதற்கு மேல் கையெழுத்து ஒப்பந்தம் என்று போனால், சும்மா படிக்க வந்தவர் ஓடிவிடுவார்.

4. கேட்கும் முறை

என்ன கதை, எவ்வளவு நீளம், எப்போதைக்குள், என்ன மாதிரிக் கருத்து என்ற நான்கையும் முதல் மெசேஜிலேயே சொல்லுங்கள். மறுப்பதற்கு இடம் விடுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மேடம். போன மாதம் வாசகர் வட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். பள்ளிபாளையம் விசைத்தறிப் பின்னணியில் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன், அச்சில் 260 பக்கம் வரலாம். வெளியிடும் முன் மூன்று பேரிடம் மட்டும் கொடுக்கிறேன். பிழை திருத்தம் வேண்டாம். எங்கே சலித்தது, எங்கே நம்ப முடியவில்லை என்று சொன்னால் போதும். ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது. முதல் இரண்டு அத்தியாயங்களை அனுப்பட்டுமா? பிடிக்கவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் எனக்குப் பயன்படும். இப்போது முடியாது என்றாலும் தவறாக நினைக்க மாட்டேன்."

முதல் இரண்டு அத்தியாயம் என்பது மரியாதைக்கு மட்டுமல்ல, உங்களுக்கான சோதனையும் அதுதான். அதற்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். "நல்லா இருக்குங்க, மீதியும் அனுப்புங்க" என்று வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "செல்வி அப்பாவிடம் பேசாமல் போகும் இடத்தில் அவளைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?" அதற்கு இரண்டு வரி உண்மையான பதில் வந்தால் முழுப் பிரதியையும் அனுப்பலாம். "உங்க நடை ரொம்ப நல்லா இருக்கு" என்று நழுவினால் நன்றி சொல்லி அங்கேயே நிறுத்திவிடுங்கள். உறவு கெடாது. அடுத்த அத்தியாயம் வரவில்லையே என்று அவர் கேட்கப்போவதும் இல்லை.

காசு கொடுக்க வேண்டுமா? காசு வாங்கிக்கொண்டு முழு நாவலையும் படித்து அறிக்கை தருபவர்கள் இருக்கிறார்கள். அது எடிட்டிங் வேலை, அதற்கான இடம் வேறு. முன்வாசகரிடம் காசு நுழைந்தால், வாங்கிய காசுக்குக் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் கூடவே நுழைந்துவிடுகிறது.

5. எந்த வடிவில் கொடுப்பது

அவர் எதில் படிக்கிறாரோ அதில். யூனிகோடில் இருப்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அடுத்தவர் ஃபோனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக விரியும். கணினியில் படிப்பவருக்கு கூகுள் டாக்ஸ் வசதி. கருத்துச் சொல்ல மட்டும் அனுமதி கொடுங்கள், திருத்த அனுமதி வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி கொடுப்பது மிக முக்கியம். ஒரே பிரதியில் எல்லோரும் குறித்தால், முதலில் படித்தவர் "இங்கே இழுக்குது" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கும் இழுக்கத் தொடங்கும். கோப்பின் பெயரில் வரைவு எண்ணும் வாசகர் பெயரும் இருக்கட்டும்.

ஃபோனில் படிப்பவருக்கு ஏ4 பிடிஎஃப் தண்டனை. பக்க அளவைச் சிறிதாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி வேறு பிடிஎஃப் செய்துகொடுங்கள், அல்லது ஈபப் என்ற மின்னூல் கோப்பு. கிண்டில் வைத்திருப்பவருக்கு ஈபப் கோப்பை 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பலாம்.

வயதானவர்களுக்கு ஜெராக்ஸ் கடைப் பிரிண்ட்தான். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, வலப்புறம் நிறைய ஓரம் விட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, ஒரு பென்சிலோடு கொடுங்கள். சில நூறு ரூபாய் ஆகும். ஓரத்தில் பென்சிலால் போட்ட ஒரு சின்னக் கோடு, பத்து நிமிடப் பேச்சைவிடத் துல்லியமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

6. என்ன கேட்பது

"எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குத் தமிழில் ஒரே பதில்தான் உண்டு.

படிக்கும்போதே ஓரத்தில் போட நான்கு குறி சொல்லிக்கொடுங்கள். 'ச' என்றால் சலித்தது, 'பு' என்றால் புரியவில்லை, 'ந' என்றால் நம்ப முடியவில்லை, 'பி' என்றால் பிடித்தது. விளக்கம் எழுதத் தேவையில்லை என்று அழுத்திச் சொல்லுங்கள். காரணம் எழுத வேண்டும் என்றால் பலர் குறியே போட மாட்டார்கள். காரணம் கண்டுபிடிக்கத் தெரியாததால், சலித்ததையே மறைத்துவிடுவார்கள். 'பி' வெறும் ஆறுதலுக்காக அல்ல. திருத்தும் வேகத்தில் நன்றாக இருந்ததையும் வெட்டிவிடாமல் அது காப்பாற்றும்.

கேள்விகளை நாவலின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடாதீர்கள். "மாமா பாத்திரம் நம்பும்படி இருந்ததா?" என்று முன்னாலேயே கேட்டால், வாசகர் முதல் பக்கத்திலிருந்து மாமாவைச் சந்தேகத்தோடு பார்ப்பார். நாவலை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு சிறு தாள். முதல் பகுதி முடிவில்: இது யாருடைய கதை என்று நினைக்கிறீர்கள்? இனி என்ன நடக்கும்? யார் பெயராவது குழம்பியதா? நடுப்பகுதி முடிவில்: எங்கே புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள்? அது தூக்கத்தாலா, கதையாலா? யாருக்கு என்ன ஆகும் என்று கவலைப்படுகிறீர்கள்? கடைசியில்: முடிவு வரப்போகிறது என்று எந்தக் காட்சியில் தெரிந்தது? எந்தக் காட்சியை எடுத்துவிட்டால் கவனித்திருக்க மாட்டீர்கள்? கதையை ஓர் ஆளிடம் சொல்வது மாதிரி ஐந்து வரியில் எனக்குச் சொல்ல முடியுமா?

அந்தக் கடைசிக் கேள்வி மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தரும். நீங்கள் செல்வியின் விடுதலை பற்றி எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்க, வாசகர் அதை மாமாவின் குற்ற உணர்ச்சிக் கதையாக ஐந்து வரியில் சொல்வார். யார் சொல்வது சரி என்று சில இரவுகள் தூக்கம் போகும்.

எழுதச் சோம்பல்படுபவர்களை வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்கள். தட்டச்சு செய்யும்போது நாகரிகம் பார்ப்பவர்கள் பேசும்போது பார்ப்பதில்லை. "நல்லாத்தான் இருந்துச்சு..." என்று சொல்லிவிட்டு மூன்று விநாடி நிறுத்துவார்களே, அந்த நிறுத்தம் எழுத்தில் வராது. வந்ததும் காட்சி எண்ணோடு எழுதி வைத்துவிடுங்கள்; ஃபோனில் கிடந்தால் பிறகு தேட முடியாது.

7. படிக்கும் காலத்தில்

அறுபதாயிரம் சொல் நாவலுக்கு நான்கு வாரம் சரியான அவகாசம். பள்ளித் தேர்வு மாதம், தீபாவளி வாரம், வீட்டில் கல்யாணம் என்றால் கூட்டிக் கொடுங்கள். ஆசிரியர்களுக்கு மே மாதம் வசதி. நடுவில் ஒரே ஒருமுறை, முதல் பகுதித் தாளைக் கேட்கும் சாக்கில் விசாரிக்கலாம். கெடு முடிந்து ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அதற்குப் பிறகு கேட்காதீர்கள்.

பாதியில் நிறுத்தியவர்களை விட்டுவிடாதீர்கள். "முடிக்க முடியலைன்னா பரவாயில்லைங்க, எந்த இடம் வரைக்கும் வந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள். இரண்டு பேர் 5.1க்கு அருகே நிறுத்தியிருந்தால், முழுக்கப் படித்தவர் எழுதிய மூன்று பக்க அறிக்கைக்கு அது சமம்.

இந்த ஒரு மாதத்தில் நீங்கள் பிரதியைத் தொடக் கூடாது. "4ஆம் அத்தியாயத்தை மாத்திட்டேன், புதுசு அனுப்பறேன்" என்று மெசேஜ் போனால் படிக்கிறவருக்கு வெறுத்துப்போகும்.

8. கருத்து வரும்போது

தொல்காப்பியர் மாதிரி எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லக் கிளம்பாதீர்கள். இலக்கண நூலுக்கு அது பொருந்தும். நாவல் கடையில் விற்கும்போது நீங்கள் கூடவே நின்று "அது ஏன்னா..." என்று விளக்கப்போவதில்லை. "அவள் ஏன் திரும்பி வந்தாள்னு புரியலை" என்று ஒருவர் சொன்னால், "அதான் 2.3ல் குறிப்பா சொல்லியிருக்கேனே" என்று வாயெடுக்காதீர்கள். அந்தக் குறிப்பு அவரிடம் சேரவில்லை என்பதுதான் அவர் தந்த தகவல். ஒருமுறை வாதாடிவிட்டால், அடுத்த முறை அவரிடமிருந்து "அருமை" தான் வரும்.

நீங்கள் கேட்கலாம், அது வாதம் ஆகாது. "எந்த இடத்திலிருந்து அப்படித் தோணுச்சு?", "அப்போ அவளைப் பத்தி என்ன நெனச்சீங்க?" இந்த இரண்டும் போதும். "நான் குறிச்சுக்கிட்டேங்க, ரொம்ப நன்றி" என்று முடித்துக்கொண்டு, சில நாள் எதையும் திருத்தாதீர்கள். முதல் நாள் கோபத்தில் ஒதுக்கியதும், முதல் நாள் பதற்றத்தில் ஏற்றுக்கொண்டதும் மூன்றாம் நாள் வேறாகத் தெரியும்.

9. எதை எடுத்துக்கொள்வது

வேலையின் மையம் இதுதான். ஒரு விரிதாள் போடுங்கள். இடப்பக்கம் காட்சி எண்கள், மேலே வாசகர்கள், கட்டங்களில் 'ச', 'பு', 'ந', 'பி'. நிரப்பியதும் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். எழுத்துகள் எங்கே கொத்தாக நிற்கின்றன என்று தெரியும்.

நம் தறி நாவலுக்கு வந்தவற்றைப் பார்ப்போம். வங்கி ஊழியர் 7ஆம் அத்தியாயம் முழுக்க 'ச' போட்டிருக்கிறார். "கோர்ட், வக்கீல் எல்லாம் சுருக்கிடலாம்" என்று யோசனையும் சொல்கிறார். ஆசிரியை 8.2ல் 'ந' போட்டிருக்கிறார்: "இந்தப் பொண்ணு திடீர்னு மாமாவை நம்பிப் போறது செயற்கையா இருக்கு. அம்மா வந்து சொல்ற மாதிரி வெச்சா நல்லா இருக்கும்." பண்டமாற்று எழுத்தாளர் 7.3ல் 'பு': "மாமா யாரு? முன்னாடி வந்தாரா?"

மூன்றும் மூன்று குறையாகத் தெரிகின்றன. யோசனைகளை அப்படியே கேட்டால் 7ஐச் சுருக்கி, 8.2ல் அம்மாவைக் கொண்டுவந்து, 7.3ல் மாமாவை அறிமுகப்படுத்தும் ஒரு பத்தி சேர்க்க வேண்டியதுதான். நாவல் இன்னும் மோசமாகும். பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் மாமா முதலில் வருவது 4.1ல், அதுவும் "மாமாதான் அவளை எட்டாவது வரை படிக்க வைத்தார்" என்று ஒரே வரியில். அவரோடு செல்விக்கு என்ன உறவு என்று காட்சியாக எங்கேயும் இல்லை. அதனால் வாசகருக்கு அவர் நினைவில் நிற்கவில்லை; நிற்காததால் அவர் நடத்தும் வழக்கில் அக்கறை இல்லை, 7 சலிக்கிறது; அக்கறை இல்லாததால் 8.2ல் அவள் அவரை நம்புவது திடீரென்று தெரிகிறது. திருத்தம் 4.1ல். மாமா அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாளை இரண்டு பக்கம் காட்சியாக எழுதினால் மற்ற மூன்றும் பெரும்பாலும் தானாக அடங்கும்.

ஏறக்குறைய எப்போதும் இப்படித்தான். வாசகருக்கு வலிக்கும் இடம் சரியாக இருக்கும், அவர் சொல்லும் மருந்து பெரும்பாலும் தவறாக இருக்கும், காரணம் இருபது முப்பது பக்கம் முன்னால் இருக்கும். 'ச' போட்ட காட்சியை வெட்டுவதற்கு முன், அதில் யாருக்கு எதை இழக்கும் அபாயம் இருக்கிறது, அது வாசகருக்குத் தெரியுமா என்று ஒருமுறை பின்னால் போய்ப் பாருங்கள்.

எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு? தனியாக ஒருவர் சொன்னது உங்கள் விருப்பம். ஒருவரோடு ஒருவர் பேசாத இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஆனால் தகவல் பிழையில் இந்தக் கணக்கு செல்லாது. நாடாவுக்குள் பாவு வராது என்று தறிக்காரர் ஒருவர் சொன்னால், மற்றவர்கள் எல்லோருக்கும் அந்த வரி பிடித்திருந்தாலும் அது போக வேண்டியதுதான். முடிவு பற்றிய கருத்து சரிபாதியாகப் பிரிந்தால் நான் அதைத் தொட மாட்டேன். எல்லோரும் ஒரே குரலில் "முடிவு பரவாயில்லை" என்றால்தான் கவலைப்படுவேன்.

இன்னொரு வகைக் கருத்து நம்மிடையே நிறைய வரும். "ஒரு பொண்ணு அப்பாவை இப்படிப் பேசுவாளா?" இதில் இரண்டு வேறு விஷயம் கலந்திருக்கலாம். 'பேசக் கூடாது' என்பது அவர் ஒழுக்கம். 'இந்தச் செல்வி பேச மாட்டாள்' என்பது உங்கள் எழுத்தின் குறை. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: "வேற எந்தப் பொண்ணாவது பேசினா நம்புவீங்களா?" அவர் நம்புவேன் என்றால் வேலை உங்களுடையது. எந்தப் பெண்ணும் பேசக் கூடாது என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்கு நகருங்கள். "எங்க ஆளுங்களை இப்படிக் காட்டிட்டீங்களே" என்று வரும்போதும் அதே நிதானம். சடங்கில், தொழிலில், பேச்சில் தவறு என்றால் திருத்துங்கள். உண்மைதான், ஆனால் எழுதியிருக்க வேண்டாம் என்றால், அதை வைத்துக்கொள்வதா என்பது உங்கள் தைரியமும் மனசாட்சியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. முன்வாசகர் தலையில் அதைக் கட்ட முடியாது.

10. இரண்டாம் சுற்றும் அதன் பிறகும்

திருத்திய பிரதியைப் புதிய மூன்று பேரிடம் கொடுங்கள். அதே குறிகள், அதே தாள்கள். முதல் சுற்றில் நன்றாகப் படித்த ஒருவரிடம் மட்டும் மாற்றிய காட்சிகளைத் திரும்பக் காட்டலாம், "மாமா இப்போ நிக்கிறாரா?" என்று. புதியவர்களிடம் முதல் சுற்றில் யார் என்ன சொன்னார்கள் என்று மூச்சு விடாதீர்கள்.

மூன்றாம் சுற்று பெரும்பாலும் தேவைப்படாது. கருத்துகள் காட்சியிலிருந்து சொல்லுக்கு இறங்கி, "இங்கே 'அழகான'வுக்கு பதில் 'எழிலான' போடலாமே" என்ற நிலைக்கு வந்துவிட்டால், அல்லது ஒருவர் 'பி' போட்ட இடத்திலெல்லாம் இன்னொருவர் 'ச' போடத் தொடங்கினால், பிரதியை மெய்ப்பு பார்ப்பவரிடம் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

நன்றியுரையில் பெயர் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள். சிலருக்குச் சந்தோஷம். சிலர், குறிப்பாக ஊர் விவரம் சொன்னவர்கள், வேண்டாம் என்பார்கள். முன்பணம் பற்றிப் பேசிய தறிக்காரர், பெயர் அச்சில் வந்த பிறகும் நாளை அதே கூடத்தில் வேலைக்கு நிற்க வேண்டும். புத்தகம் வந்ததும் கையெழுத்திட்ட ஒரு பிரதி, முதல் வாரத்திலேயே, கேட்காமல். அமேசானில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி நச்சரிக்காதீர்கள்; நண்பர்களும் குடும்பத்தாரும் எழுதும் மதிப்புரைகளை அந்தத் தளம் ஏற்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். அவர்களில் யாராவது எழுதுகிறவராக இருந்தால், அவருடைய அடுத்த பிரதி வரும்போது பென்சிலோடு உட்காருவது உங்கள் முறை. அப்போது 'ச' போட வேண்டிய இடத்தில் 'ச' போடுங்கள்.